தாளத்திற்கும் ஒரு பெயர் வேண்டும்



“இரவெல்லாம் உன் அறையில் விளக்கு எரிகிறதே, என்ன ஆராய்ச்சி?” என்று விடுதியில் சிலர் என்னைக் கேட்கிறார்கள். ‘ஆராய்ச்சி’ என்று ஒப்புக்கொண்டால் என் மதிப்பு உயரும். ஆனால் உண்மை வேறு. நான் பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. படிக்கும் மாணவன். பகலில் அலைகளைப் பற்றிப் படிக்கிறேன். இரவில் அலைகளைச் செய்கிறேன். ஹிப் ஹாப் பாட்டுக்கு வேண்டிய தாளத்தையும் அதன் கீழோடும் இசையையும் கணிப்பொறியில் அமைப்பது என் இரவுத் தொழில். எங்கள் வட்டாரத்தில் இதற்குப் ‘பீட்’ என்று பெயர். எந்தக் கம்பெனியையும் சாராமல் தானே செய்து, தானே வெளியிட்டு, தானே விளம்பரமும் செய்துகொள்பவனுக்குச் ‘சுயேச்சைத் தயாரிப்பாளன்’ என்று பெயர். பெயர் பெரிது, வருவாய் சிறிது. சென்ற ஆண்டு முழுதும் உழைத்து நான் ஈட்டியது விடுதியின் இரண்டு மாதச் சாப்பாட்டுக் கட்டணத்தைத் தாண்டவில்லை.

‘இதற்காகவா தமிழ்நாட்டிலிருந்து டில்லிவரை வந்தாய்?’ என்று கேட்கும் பெரியவர்களுக்கு விடையாக இதை எழுதவில்லை. அவர்களுக்கு என் மதிப்பெண்கள் விடை சொல்லட்டும். என்னைப் போலவே இரவில் விழித்திருந்து பீட் செய்யும் மாணவர்கள் நம் மன்றத்திலேயே சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும், அவர்கள் செய்வதைக் கேட்டு ஆடுகிற மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பட்டுத் தெரிந்துகொண்டதால் சொல்கிறேன்.

அறையே கூடம்

ஹிப் ஹாப் செய்யப் பெரிய ஒலிப்பதிவுக் கூடம் வேண்டுவதில்லை. பழைய மடிக்கணினி ஒன்று, ஹெட்போன் ஒன்று, பெல்ஜிய நாட்டுக் கம்பெனி 1997-இல் வெளியிட்ட ‘ஃப்ரூட்டி லூப்ஸ்’ வழிவந்த எஃப். எல். ஸ்டூடியோ என்ற மென்பொருள் ஒன்று. இவ்வளவே என் மூலதனம். டில்லிக் குளிருக்கென்று வாங்கிய ரஜாயை இரண்டு நாற்காலிகளின்மேல் தொங்கவிட்டால் அதுவே பாடும் அறை. மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். பக்கத்து அறைக்காரர் வந்து கதவைப் படாரென்று சாத்துவதற்குள் பாடி முடித்துவிட வேண்டும்.

கணிப்பொறி ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக்கி வைத்துக்கொள்கிறது. எண்களான பிறகு வெட்டலாம், ஒட்டலாம், நீட்டலாம், தலைகீழாகத் திருப்பலாம். 1980-இல் ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி வெளியிட்ட டி.ஆர்.-808 என்னும் தாளப் பெட்டியின் அடித்தாளம் இன்றும் ஹிப் ஹாப்பின் முதுகெலும்பு. பௌதிக மாணவன் செவிக்கு அது மெல்லத் தேய்ந்து மறையும் ஓர் அலை. விநாடிக்கு ஐம்பது அதிர்வு அளவில் வந்து நெஞ்சில் மோதும். ஆனால் கைப்பேசியின் சின்னஞ்சிறு ஒலிபெருக்கியால் அவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தர இயலாது. ஆகவே அதன் மடங்கு அதிர்வுகளையும் சற்றுக் கூட்டி வைக்கிறோம். இருநூறும் இருநூற்றைம்பதும் முந்நூறும் ஒலித்தால் போதும். அங்கே இல்லாத ஐம்பதைக் காது தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது! இயற்கையின் விந்தைகளுள் இதுவும் ஒன்று.

இல்லாத ஒலியைக் காது நிரப்பிக்கொள்ளும். ஆனால் இல்லாத பெயரை எந்தக் காதும் நிரப்பிக்கொள்வதில்லை. நான் சொல்ல வந்தது இதைத்தான்.

இரண்டு குறைகள்

திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு சிற்றூர் எங்கள் ஊர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கோடை விடுமுறைக்குப் போயிருந்தபோது அம்மன் கோயில் கொடை நடந்தது. நையாண்டி மேளத்தில் பெரியவர் ஒருவர் உறுமி வாசித்தார். உறுமியின் ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது எழும் அந்த உறுமல் வளைந்து வளைந்து ஏறும், இறங்கும். 808-இன் ஒலியை அப்படி வழுக்கி இறக்க நாங்கள் கணிப்பொறியில் படாத பாடு படுகிறோம். அவரோ ஒரு வளைந்த குச்சியால் அதைச் செய்துகொண்டிருந்தார். கைப்பேசியை நீட்டி இரண்டு நிமிடம் பதிவு செய்துகொண்டேன்.

டில்லிக்குத் திரும்பியதும் அதிலிருந்து எட்டு விநாடியை வெட்டி எடுத்தேன். நிமிடத்திற்கு 140 அடி என்ற ஓட்டத்தில் அதைச் சுழலவிட்டேன். கீழே 808; மேலே ஹை-ஹேட். என் கையிலிருந்து வந்தவற்றுள் அதுவே சிறந்தது என்று இன்றும் சொல்வேன். இந்தியில் ராப் பாடும் மாணவ நண்பர் ஒருவர் அதைக் கேட்டார், கொடுத்தேன். பணம் பேசவில்லை, தாளில் எதுவும் எழுதவில்லை. நண்பரிடம் தாளை நீட்டுவது நாகரிகமாகுமா என்று எண்ணினேன்.

பாட்டு விழா அரங்கை அதிர வைத்தது. பிறகு யூடியூபில் ஏறியது. ஐம்பதாயிரம் பேருக்குமேல் கேட்டார்கள். கீழே பெயர்களைப் பார்த்தேன். பாடியவர் பெயர் இருந்தது. படம் பிடித்தவர் பெயர் இருந்தது. பாடியவருக்குச் சட்டை கொடுத்த கடையின் பெயர்கூட இருந்தது. என் பெயர் இல்லை. அவர் அறைக்கே போய்க் கேட்டேன். “ஒரு பீட்தானே, பாய்! இலவசமாகவே ஆயிரம் கிடைக்கிறதே!” என்றார். அவர் கெட்டவர் அல்லர். காய்ச்சலில் கிடந்தபோது எனக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவர். மனமறிந்து செய்யவில்லை என்பதுதான் எனக்கு மேலும் வலித்தது.

அன்றிரவு அம்மாவிடம் தொலைபேசியில் என் குறையைக் கொட்டினேன். பாட்டையும் அனுப்பிக் கேட்கச் சொன்னேன். அம்மாவுக்கு இந்தியும் தெரியாது, ராப்பும் தெரியாது. கேட்டுவிட்டுச் சொன்னார்:

“ஏல, இது நம்ம கொடையில அடிச்ச உறுமில்லா?”

“ஆமாம்மா.”

“ஒம் பேரப் போடலன்னு சொல்லுத. சரி. அடிச்சவரு பேர நீ போட்டியா? அவரு பேராவது ஒனக்குத் தெரியுமா?”

தெரியாது. கேட்டு அறிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணமே எனக்கு எழவில்லை. ‘ஒரு பீட்தானே’ என்று நண்பர் சொன்னார். ‘எட்டு விநாடிதானே’ என்று நான் இருந்தேன். இரண்டுக்கும் என்ன வேறுபாடு? அவர் ஒருவர் பெயரை விட்டார். நான் ஒருவர் பெயரைக் கேட்கவே இல்லை. என் குற்றமே பெரிது.

பிறப்போடு வந்த பழக்கம்

ஹிப் ஹாப் பிறந்த நாளென்று 1973 ஆகஸ்டு 11-ஆம் நாளைக் கொண்டாடுகிறார்கள். இடம்: நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டடம். ஜமைக்காவிலிருந்து குடிபெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளையான கிளைவ் கேம்பெல், தம் சகோதரி சிண்டி நடத்திய விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். ‘கூல் ஹெர்க்’ என்று உலகம் அறிவது அவரைத்தான். பாட்டு ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்திலேதான் இளைஞர்கள் துள்ளி ஆடுகிறார்கள் என்பதை அவர் கண்டுகொண்டார். ஒரே இசைத்தட்டின் இரண்டு படிகளை இரண்டு சுழல்மேடைகளில் வைத்து, அந்தச் சில விநாடிகளை மாற்றி மாற்றி ஓட்டி நிமிடக் கணக்கில் நீட்டினார். பிழைக்க வந்த இடத்தில், கையில் இருந்ததைக் கொண்டு படைத்த கலை இது. ஊர்விட்டு ஊர் வந்திருக்கும் நமக்கு இதன்மேல் ஒரு தனிப் பற்று ஏற்படுவதில் வியப்பில்லை.

ஆனால் அதே ஹெர்க் இன்னொன்றும் செய்தார். தாம் சுழற்றுவது எந்த இசைத்தட்டு என்று போட்டியாளர் அறிந்துவிடக் கூடாது என்பதற்காக, அதன் நடுவில் ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடுவார். தொழில் இரகசியம்! பெயரை உரிக்கும் பழக்கம் இந்தக் கலையின் தொட்டிலிலேயே இருந்திருக்கிறது.

அதன் விளைவு என்ன? 1969-இல் ‘தி வின்ஸ்டன்ஸ்’ என்ற குழு ‘ஆமென், பிரதர்’ என்றொரு பாட்டை இசைத்தட்டின் பின்பக்கத்தில் வெளியிட்டது. அதில் கிரெகரி கோல்மன் என்ற தாளக் கலைஞர் ஏறத்தாழ ஏழு விநாடி தனியாக டிரம்ஸ் வாசித்தார். அந்த ஏழு விநாடியைப் பின்வந்தோர் ஆயிரக்கணக்கான பாட்டுகளில் வெட்டி ஒட்டினர். ஹிப் ஹாப்பும், இங்கிலாந்தின் ‘ஜங்கிள்’ இசையும் அதன்மேல் எழுந்து நின்றன. கோல்மனுக்கு அதிலிருந்து உரிமைத்தொகையாக எதுவும் வரவில்லை. 2006-இல் வீடின்றி வறுமையில் இறந்தார். பாட்டின் உரிமையாளரான குழுத்தலைவர் ரிச்சர்டு ஸ்பென்சருக்காக, 2015-இல் இங்கிலாந்து இசை அன்பர்கள் நிதி திரட்டி 24,000 பவுன் கொடுத்தார்கள். நல்ல செயல்தான். ஆனால் ஏழு விநாடியை வாசித்த கை அதற்குள் அடங்கிப் போயிருந்தது.

ஆய்வுக்கூடம் கற்பிக்கும் பாடம்

‘கேட்டுக்கொண்டு எடுப்பதென்றால் ஹிப் ஹாப்பே இல்லை, எடுத்து ஆள்வதுதான் அதன் உயிர்’ என்று நண்பர்கள் வாதிடுகிறார்கள். எடுக்காதே என்று நான் சொல்லவில்லை. எடுத்ததைச் சொல் என்கிறேன்; முடிந்தால் எடுக்குமுன் கேள் என்கிறேன். விஞ்ஞான மாணவர்களாகிய நமக்கு இது புதிதா? பிறர் கண்டதன்மேல்தான் நாமும் கட்டுகிறோம். ஆனால் யார் கண்டது என்று எழுதாமல் ஒரு கட்டுரை அனுப்பினால் அதற்குத் திருட்டு என்று பெயர். அங்கே திருட்டு, இங்கே ‘ஸ்டைல்’ ஆகுமா?

தாளத்தைப் பற்றியே ஒரு சான்று சொல்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து கல்கத்தாவுக்குப் பணிக்குச் சென்ற சர் சி. வி. ராமன், 1920-இல் குமார் என்ற உடனாய்வாளரோடு ‘நேச்சர்’ இதழில் ஒரு குறிப்பு எழுதினார். சாதாரணமாகத் தோலின் அதிர்வுகள் ஒன்றுக்கொன்று இசைந்த மடங்குகளாக இருப்பதில்லை. மிருதங்கத்திலும் தபேலாவிலும் இசைந்து வருகின்றனவே, எப்படி? தோலின் நடுவில் ஏற்றும் கருநிறப் பூச்சுத்தான் காரணம் என்று விளக்கினார். அந்தப் பூச்சைத் தலைமுறை தலைமுறையாகப் பூசிப் பூசிச் சரிபார்த்தவர்கள் யார்? மிருதங்கம் செய்யும் குடும்பங்கள். அவர்கள் வரலாற்றை டி. எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூலாக எழுதினார்; அது வெளிவந்தது 2020-இல். விளக்கியவர் பெயர் உலகுக்குத் தெரிந்து நூறாண்டு கழித்து, செய்தவர் பெயர் ஒரு புத்தகத்தின் அட்டைக்கு வந்தது!

பெயரைப் போட்டால் இலாபம் குறையும் என்று அஞ்சுவோருக்கு ஓர் எடுத்துக்காட்டு. நெதர்லாந்து இளைஞர் ‘யங்கியோ’ தம் அறையில் ஒரு பீட் செய்தார். ‘நைன் இஞ்ச் நெயில்ஸ்’ குழுவின் இசைத் துண்டு ஒன்று அதில் இருந்தது. அதை இணையச் சந்தையில் 30 டாலருக்கு விட்டார். அமெரிக்க இளைஞர் லில் நாஸ் எக்ஸ் வாங்கினார். 2018 டிசம்பரில் வெளிவந்த ‘ஓல்டு டவுன் ரோடு’ பாட்டு அதன்மேல் எழுந்ததுதான். 2019-இல் அது அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் பத்தொன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. பாடியவர், பீட் செய்தவர், மூலத் துண்டை ஆக்கிய டிரென்ட் ரெஸ்னர், அட்டிகஸ் ராஸ் ஆகிய எல்லாப் பெயர்களும் அப்பாட்டில் உள்ளன. அத்தனை பெயரைச் சுமந்தும் பாட்டு அமிழ்ந்துவிடவில்லை.

சட்டமும் ஐந்து வரியும்

நம் நாட்டுச் சட்டம் இதில் நாம் நினைப்பதைவிட நல்ல சட்டம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவன் தன் படைப்பின் உரிமையை விற்றுவிட்டாலும், ‘இது என் படைப்பு’ என்று சொல்லும் உரிமை அவனிடமே நிற்கிறது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் அதே உரிமையை வாசிப்பவருக்கும் பாடுபவருக்கும் தந்தது. அவர் நிகழ்த்துவதைப் பதிவு செய்து வெளியிடுவதற்கு அவருடைய இசைவும் வேண்டும். ஆகவே உறுமிக்காரர் என்னைக் கேட்டிருக்கலாம். நான் தலைகுனிந்திருக்க வேண்டும்.

உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்தாண்டு என்றும், எல்லை குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே பொருள் கொள்கிறது. இதற்கு வழக்கறிஞர் வேண்டா. ஒரு தாளில் ஐந்து வரி போதும்: பீட்டின் பெயரும் நாளும்; அதில் யார் யார் கை இருக்கிறது என்பது; ஒரு பாட்டுக்கு மட்டுமா, முழு உரிமையுமா என்பது; பணமும் பங்கும், எத்தனை ஆண்டுக்கு என்பதும்; பெயர்களை எங்கே, எப்படி எழுதுவது என்பது. இருவரும் கையொப்பமிட்டுக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நட்பு முறியுமோ என்று அஞ்ச வேண்டா. எழுதாததால் கசந்த நட்புகளை நான் கண்டிருக்கிறேன். எழுதியதால் கசந்ததை இன்னும் காணவில்லை.

பொய்ச் செவிகள்

பெயரை விடுவது ஒரு பிழை. இல்லாத பெயர்களைச் சேர்ப்பது மற்றொரு பிழை. விளம்பரம் என்ற பெயரில் அதுவும் நடக்கிறது. ‘இவ்வளவு ரூபாய் கொடு, பத்தாயிரம் தடவை கேட்டதாகக் காட்டுகிறோம்’ என்று எனக்கு வாரம் ஒரு செய்தி வருகிறது. ஆசைக்குக் காரணமும் இருக்கிறது. 2024 முதல் ஸ்பாட்டிஃபை, பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு உரிமைத்தொகை கணக்கிடுவதில்லை. தொள்ளாயிரத்தில் நிற்கும் ஏழை மாணவனுக்கு அந்த நூறை விலைக்கு வாங்கிவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் எடுக்காத அளவை எடுத்ததாக ஆய்வுக் குறிப்பேட்டில் எழுதுபவனை நாம் என்னவென்று சொல்வோம்?

பொய்ச் செவி பாட்டை இன்னொருவரிடம் எடுத்துச் சொல்லாது. மெய்ச் செவி சொல்லும். வெளியீட்டுக்கு ஏழு நாளுக்கு முன்பாவது தளத்தாரிடம் பாட்டை ஒப்படைத்துப் பரிந்துரைக்கக் கேளுங்கள். நடனக் குழுவினரிடம் கொடுங்கள். தாபாவில் தேநீர் குடிக்கும்போது நாலு பேருக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் தலை எந்த இடத்தில் அசைகிறது என்று பாருங்கள். மெதுவான வழிதான். ஆனால் இந்த வழியில் வந்த இருநூறு பேரில் நாற்பது பேரின் முகம் எனக்குத் தெரியும்.

உறுமிக்காரரும் நானும்

அடுத்த விடுமுறையில் அந்தப் பெரியவரைத் தேடினேன். பழைய கொடை நோட்டீசு வீட்டில் இருந்தது. வரி கொடுத்தவர், பந்தல் போட்டவர், மைக் செட்டுக்காரர் எல்லார் பெயரும் அச்சாகியிருந்தன. மேளம் என்ற இடத்தில் குழு வந்த ஊரின் பெயர் மட்டுமே இருந்தது. கேட்டவர்களெல்லாம் ‘உறுமிக்காரர்’ என்றே சொன்னார்கள். இரண்டு பஸ் மாறி அவர் வீட்டை அடைந்தேன். ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

“உறுமி நல்லாத்தான் கேக்கு. மேல என்னமோ சில்லு சில்லுன்னு கேக்குதே, அது எதுக்கு?” என்றார். என் ஹை-ஹேட்டைப் பற்றி இதைவிட நேர்மையான மதிப்புரை இதுவரை வந்ததில்லை. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஐந்து வரி எழுதிய தாளைப் படித்துக் காட்டினேன். வருவதில் பாதி அவருக்கு என்று இருந்தது. பங்கைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. “பேரு போடுதேன்னு சொல்லுதீயளே தம்பி, ஊரு பேரையும் சேத்துப் போடுங்க” என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

டில்லிக்கு வந்ததும் ராப் பாடிய நண்பரிடம் முழுக் கதையையும் சொன்னேன். அன்றே அவர் பாட்டின்கீழ்த் திருத்தி எழுதினார்: முதலில் பெரியவர் பெயரும் ஊரும், அடுத்து என் பெயர். இப்போது அவரே மற்றவர்களிடம் தாளை நீட்டுகிறார்.

இக்கட்டுரையில் இருவர் பெயரையும் நான் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நண்பர் பெயரைக் குறை கூறுவதற்குப் பயன்படுத்த மனமில்லை. பெரியவர் இசைவு கொடுத்தது பாட்டுக்கு. என் கட்டுரைக்கு அன்று. மீண்டும் ஒருமுறை கேளாமல் எடுக்க நான் விரும்பவில்லை.

நம் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பொங்கல் விழா அழைப்பிதழில் தலைவர், சிறப்பு விருந்தினர் பெயர்களோடு, பறை அடிக்க வருபவர், பீட் செய்த மாணவர், ஒலிபெருக்கி அமைப்பவர் ஆகியோர் பெயரையும் அச்சிடுவோம். நான்கு வரி கூடும், அச்சுக்கூலி கூடாது. சுயேச்சை என்றால் எவருக்கும் கடன்படாதவன் என்று நான் முன்பு எண்ணியிருந்தேன். யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்ற கணக்கைத் தானே எழுதி வைத்துக்கொள்பவன் என்று இப்போது எண்ணுகிறேன். என் கணக்கின் முதல் வரியில் ஓர் உறுமிக்காரர் பெயர் இருக்கிறது. உங்கள் கணக்கில் யார் பெயர் விடுபட்டிருக்கிறது? இன்றிரவு பீட்டைத் திறக்குமுன் ஒருமுறை பாருங்கள்.